பாறைமுத்து முந்திப் போனான்

தணல்தீவு எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், கடலுக்கு நடுவில் என்பார்கள். அதற்கு மேல் அவர்களும் விசாரித்ததில்லை. கரும்பு வெட்டப் போன நம் ஆட்கள் நாலு தலைமுறையாக அங்கே குடியிருக்கிறார்கள். தீவின் நட்டநடுவில் கங்குமலை. அது எந்நேரமும் லேசாகப் புகைந்துகொண்டிருக்கும். ஒரு ஆவணி மாதம் அது இரண்டு தடவை இருமி, கொஞ்சம் நெருப்புக் குழம்பைத் துப்பியது. குழம்பு வழிந்து வந்து கடலோர ரோட்டின் மேல் படுத்து, அங்கேயே கல்லாகிப்போனது. தீவைச் சுற்றி ஓடிய ஒரே பஸ்ஸும் அன்றோடு நின்றது.

மலைக்கு மேற்கே வெல்லக்கொல்லை, கிழக்கே புன்னைச்சாவடி. வெல்லக்கொல்லையில் மன்னாதன் என்று ஒரு கரும்பு வெட்டி. முப்பத்து மூன்று வயது. ஏழு இடத்தில் பெண் பார்த்து ஏழும் தட்டிப்போய், எட்டாவதாகப் புன்னைச்சாவடி செங்கமலம் தலையசைத்திருந்தாள். பஸ் ஓடிய காலத்தில் போய்ப் பார்த்தது. அன்று அவள் கொடுத்த காப்பியில் சர்க்கரை இல்லை. கேட்க வெட்கப்பட்டு, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அவள் கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் மன்னாதன் காதில் ஐந்து மாதமாக இருக்கிறது.

மலை தாண்டித் தேன் விற்க வருகிறவரிடம் பெண்ணின் தாய் தைலம்மை சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் வந்து நிச்சயம் செய்துவிட வேண்டும். கை வீசிக்கொண்டு வரக்கூடாது. மூன்று பேராக வரக்கூடாது. தவறினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலைக் குமாஸ்தா பெண் கேட்டு வருகிறார், அவருக்கு வாக்குக் கொடுத்துவிடுவாள்.

கரும்பு வெட்டுக் காலம். ஊரில் கையும் அரிவாளுமாக எல்லாரும் கொல்லையில் நின்றார்கள். மன்னாதனோடு வர ஒப்புக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் தாய்மாமன் தாண்டவராயன். யோசித்துப் பேசக்கூடியவர் என்று ஊரில் பெயர். அவர் யோசித்து முடிப்பதற்குள் கேட்டவன் போய்விடுவான். இன்னொருவன் பாவாடை. மன்னாதனோடு ஒரே கொல்லையில் வெட்டுகிறவன், சாப்பாட்டில் குறை வைக்காதவன். ஆக மூன்று பேர்.

"மூணு பேர் நல்ல காரியத்துக்குப் போனா, போன காரியம் திரும்பிப் பார்க்காது," என்றார் தாண்டவராயன். "பெரியவங்க ஒரு வழி சொல்லி வச்சிருக்காங்க. ஒரு கல்லை எடுத்துக் கூட வச்சுக்கணும். அது நாலாவது ஆள்."

பாவாடை உடனே போய் எலுமிச்சம்பழம் அளவு ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்தான். தாண்டவராயன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது குழந்தைடா. பஸ்ஸிலேயே இதுக்கு டிக்கெட் கிடையாது. சபையில இதை எப்படி ஆளா எண்ணுவாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பறங்கிக்காய் அளவு ஒரு கருங்கல் கிடந்தது. அதைத் தூக்கி வந்து குளிப்பாட்டினார்கள். முகம் எது முதுகு எது என்று தெரியாமல் எப்படிப் பேசுவது என்று மன்னாதன் கேட்டதால், ஒரு பக்கம் சுண்ணாம்பில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார்கள். பேர் இல்லாத ஆளைச் சம்பந்தி வீட்டில் என்ன சொல்லி அறிமுகம் செய்வது என்று ஒரு பேச்சு எழுந்தது. பாறைமுத்து என்று வைத்தார்கள். புதுச் சிவப்புத் துண்டு ஒன்றை இடுப்பில் சுற்றினார்கள். இடுப்பு எது என்பதில் கொஞ்சம் நேரமாயிற்று.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். தாண்டவராயன் தலையில் தாம்பூலத் தட்டு, பாவாடை தலையில் பழமும் புளிச்சோறும். மாப்பிள்ளை என்பதால் மன்னாதன் கையில் சுமை கொடுக்கவில்லை. முதுகில் கொடுத்தார்கள். பாறைமுத்து தூளியில் உட்கார்ந்து வந்தான். கை வீசிக்கொண்டு வரக்கூடாது என்பது கட்டளை. ஆகவே மூன்று பேரும் ஒரு கையைக்கூட ஆட்டாமல், விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு நடந்தார்கள். தட்டு விழப் பார்த்தால் தலையை ஆட்டிச் சரிசெய்துகொண்டார்கள்.

கரும்பு வெட்டுகிறவன் ஒருவன் பின்னால் ஒருவனாக நடந்து பழகியவன் இல்லை. ஆளுக்கொரு வரிசை, எல்லாரும் ஒரே நேர்கோட்டில் முன்னேற வேண்டும், ஒருவனை ஒருவன் முந்தக்கூடாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். மலைப்பாதை ஒரு முழ அகலம். நடுவில் மன்னாதன் பாதையில் நடக்க, இடது பக்கம் தாண்டவராயன் முள்ளுக்குள் நடந்தார், வலது பக்கம் பாவாடை ஓடைக்குள் நடந்தான். நூறு அடிக்கு ஒரு தரம் நின்று, யாருக்கும் மனக்குறை இல்லாதபடி வரிசையை மாற்றிக்கொண்டார்கள்.

மலையடிவாரத்தில் சவரியம்மாள் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாள். ஏறுகிறவர்களுக்கு வழி சொல்வது அவள் வழக்கம். நாலு தேத்தண்ணி கேட்டார்கள். நாலாவது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அந்தத் தீவில் அப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் கடை நடத்த முடியாது.

"பாதை நெடுகப் பாறையில வெள்ளைப் பொட்டு வச்சிருக்கும். அதையே பார்த்துக்கிட்டுப் போங்க, வழி தப்பாது," என்றாள். "மேலே மலை வாய்கிட்ட சத்தம் போடாதீங்க, அது தூங்குது. முக்கியமா, மலையிலேர்ந்து ஒரு கல்லைக்கூட எடுத்துக்கிட்டுப் போகக்கூடாது. மலைக்குக் கோபம் வந்துடும்."

மூவரும் பாறைமுத்துவைப் பார்த்தார்கள். வெள்ளைப் பொட்டு வைத்த கல் தங்களிடமே இருப்பதை நினைத்து அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது.

அதிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டு பக்கமும் நடக்கிறவர்களுக்குக் கழுத்தைத் திருப்பினால் போதும். சுமக்கிற மன்னாதனுக்குத்தான் முதுகில் இருப்பவனைப் பார்க்க முடியவில்லை. தான் வழி தப்பிக்கொண்டிருப்பதாக உணர்ந்து அதைச் சொன்னான். யோசித்து, தூளியை வயிற்றுப் பக்கம் மாற்றிக் கட்டினார்கள். பிறகு மூன்று பேரும் பாறைமுத்துவின் முகத்தைப் பார்த்தபடி ஏறினார்கள். நல்லவேளையாக அந்தப் பக்கம் படி வெட்டி, இரண்டு ஓரமும் கயிறு கட்டியிருந்தது. வழி தப்ப முயன்றாலும் முடியாது. அவர்கள் முயன்றார்கள்.

அழகான வழி அது. ஆள் உயரத்துக்குப் பெரணிகள் குடை பிடித்து நின்றன. பாசி படிந்த பாறையிலிருந்து நூல் நூலாகத் தண்ணீர் இறங்கியது. கொஞ்சம் மேலே போனதும் மரங்கள் நின்றுபோய், மலை கறுப்பாகத் திறந்துகொண்டது. வெல்லப்பாகு அடிப்பிடித்த கொப்பரையைக் கவிழ்த்துவைத்தது போல ஒரு சரிவு. திரும்பிப் பார்த்தால் கீழே வெல்லக்கொல்லையின் கரும்பு பச்சைப் பாயாக விரிந்து, அதன் ஓரத்தில் கடல் வெள்ளையாக மடிந்து மடிந்து விழுந்தது. மன்னாதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் மனசு குளிர்ந்திருந்தது. அந்த மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது, கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு இருக்கிறது.

உச்சிக்கு வந்தபோது பொழுதும் உச்சிக்கு வந்திருந்தது. மலை வாய் ஒரு பெரிய வட்டக் குழி. உள்ளிருந்து புகை சோம்பேறித்தனமாக எழுந்தது. மூவரும் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"எவ்வளவு பெரிய கொப்பரை," என்று பாவாடை கிசுகிசுத்தான். "அடுப்பு எரியுது. கிளற ஆளைக் காணோம்."

"சாப்பிடப் போயிருப்பான்," என்றார் தாண்டவராயன், அதே கிசுகிசுப்பில்.

அது பாவாடைக்குச் சாப்பாட்டை ஞாபகப்படுத்தியது. பாறை வெடிப்பில் வெதுவெதுப்பாக ஆவி வந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். மன்னாதன் பாறைமுத்துவை இறக்கும்போது தொட்டுப் பார்த்தான். மலைக்காற்றில் அவன் ஜில்லென்று இருந்தான். ஜுரம் வந்துவிட்டால் சபையில் உட்கார முடியாதே என்று, ஆவி வரும் வெடிப்பின் ஓரத்தில் அவனைக் குளிர்காய உட்கார வைத்தார்கள். அவனுக்கும் ஒரு பங்கு புளிச்சோறு எடுத்து வைத்தார்கள். அவன் சாப்பிடவில்லை. கூச்ச சுபாவம் என்று சொல்லி அதைப் பாவாடை சாப்பிட்டான்.

கை கழுவுவதற்குள் மூடுபனி இறங்கியது. அடர்த்தியான பனி. தன் கையைத் தானே தேடிப் பிடிக்கிற மாதிரி இருந்தது. எழுந்து பத்தடி இப்படியும் பத்தடி அப்படியும் நடந்தார்கள். பாறைமுத்து இருந்த இடம் எது என்று தெரியவில்லை. சுற்றிலும் கல். ஆயிரம் பதினாயிரம் கல், எல்லாம் கறுப்பு, எல்லாம் பறங்கிக்காய்.

வேறொரு கல்லை எடுத்துக்கொள்ளலாம் என்றால் மலைக்குக் கோபம் வரும். மூன்று பேராகப் போனால் தைலம்மைக்குக் கோபம் வரும். இரண்டில் எது பெரிது என்று மன்னாதன் யோசித்தான். மலை எப்போதாவதுதான் துப்பும்.

கூப்பிட்டுப் பார்ப்போம் என்றார் தாண்டவராயன். சத்தம் போடக்கூடாது. ஆகவே மூன்று பேரும் குனிந்து, கல்லுக்குக் கல் காதோடு காதாக, "பாறைமுத்து, பாறைமுத்து," என்று கேட்டுக்கொண்டே போனார்கள். எந்தக் கல்லும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

கொஞ்சம் பனி விலகியபோது பாவாடை நின்றான். எதிரே ஒரு பாறை. அதன் நெற்றியில் வட்டமாக வெள்ளைப் பொட்டு.

மன்னாதன் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டான். மலையேறுகிறவர்களுக்காக எவனோ பெயிண்டில் வைத்த பொட்டு அது. ஆனால் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"துண்டைக் காணோமே," என்றான் பாவாடை.

"குளிர் விட்டுப்போச்சு, அவிழ்த்துட்டான்," என்றார் தாண்டவராயன்.

"ஆளும் பருத்த மாதிரி இருக்கான்."

"மலைக்காத்து ஒத்துக்கிச்சு. மாப்பிள்ளே, தூக்கு, நேரமாகுது."

மன்னாதன் தூக்கிப் பார்த்தான். மூன்று பேரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். பாறை மலையோடு மலையாக இருந்தது. அசையவில்லை. காலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததில் அவனுக்குக் கௌரவக் குறைவாகிவிட்டதோ என்று மன்னாதன் வருந்தினான். நீ நடந்தே வரலாம், யாரும் தூக்க மாட்டோம் என்று அவனிடம் தாழ்மையாகச் சொன்னான்.

சொல்லி நிமிர்ந்தால், முப்பதடி தள்ளிச் சரிவில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது.

"பார்த்தியா," என்றார் தாண்டவராயன். "சொன்ன உடனே நடந்துட்டான்."

அங்கே போனார்கள். அதற்குள் அவன் அடுத்த வளைவில் இருந்தான். வளைவுக்குப் போனார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றான். மூன்று பேரும் வரிசையை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். கிழக்குச் சரிவில் படியும் இல்லை, கயிறும் இல்லை, பத்து இடத்தில் பாதை பிரிகிறது. பழகியவர்களே தடுமாறும் இடம். இவர்கள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பாறைமுத்து எங்கே நின்றானோ அங்கே போனார்கள். அவன் நிற்க நிற்க இவர்கள் பிடிக்கப் போவதும், இவர்கள் போகப் போக அவன் முந்திவிடுவதுமாக மலை கழிந்தது. கிழக்குக் கடல் கீழே நீலமாக எழும்பி வந்தது. புன்னை மரங்கள் தெரிந்தன. ஓட்டத்தில் வந்த களைப்பையும் மீறிப் பாவாடை ஒன்று சொன்னான், இவ்வளவு நடை நடக்கிறவனையா காலையிலிருந்து சுமந்தோம் என்று. கேட்டு மன்னாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிப் பொட்டு, மலை இறங்கும் இடத்து ஓடைக்கரையில். அதைத் தாண்டினால் தைலம்மை வீட்டுக் கொல்லைப்புறம். நிச்சயதார்த்தச் சமையலுக்கு அரைத்து முடித்து, தைலம்மை அன்று அம்மியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மங்கலத்துக்கு அரிசிமாவில் ஒரு பொட்டும் வைத்திருந்தாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தைலம்மை விளக்குத் திரியைக் கையில் திரித்தபடி கொல்லைக்கு வந்தாள். வந்தவர்களை எண்ணினாள். இரண்டு தரம் எண்ணினாள்.

"மூணு பேரா வராதீங்கன்னு சொல்லி அனுப்பினேனே."

உள்ளே கதவுப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. மன்னாதன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"நாலு பேர், அத்தை. ஒருத்தர் எங்களுக்கு முந்தி வந்துட்டார். அதோ உட்கார்ந்திருக்கார்."

தைலம்மை திரும்பி அம்மியைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் முகம் மெதுவாக வெளிறியது.

"இவரா? மாப்பிள்ளை வீட்டு ஆளா?" குரல் தாழ்ந்துவிட்டது. "நான் எங்க வீட்டு அம்மின்னு நினைச்சேன் தம்பி. அதே ஜாடை. மத்தியானம் இவர் மேல தேங்காய் வேற அரைச்சுட்டேன்."

"ஒண்ணும் சொல்ல மாட்டார் அத்தை. ரொம்பப் பொறுமை."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மனுஷன்," என்று தைலம்மை நொந்துகொண்டாள். பக்கத்தில் கிடந்த குழவியைப் பாவாடை கவனித்து, தலையணைகூடக் கொண்டுவந்திருக்கிறான் என்று மாமனிடம் சொன்னான்.

நாலு பேர் சேர்ந்து அவரை உள்ளே தூக்கிப் போய்ப் பாயில் அமர்த்தினார்கள். விளக்கு வைத்தாகிவிட்டது. நாலு இலை விழுந்தது. தட்டு மாற்றினார்கள். தேங்காய் அரைத்ததற்குப் பரிகாரமாக, நாலாவது இலையில் தைலம்மை ஒரு வடை கூடுதலாக வைத்தாள். செங்கமலம் காப்பி கொண்டுவந்தாள். இந்தத் தடவை அதில் சர்க்கரை இருந்தது, மூன்று ஆள் சர்க்கரை. மன்னாதன் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். கதவுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்புக்காக அவன் இன்னும் இரண்டு மலை தாண்டியிருப்பான்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது, வந்தவர் நாலு நாள் இருந்து களைப்பாறிப் போகட்டும் என்று தைலம்மை பாறைமுத்துவை விடவில்லை. அடுப்படியில் அவருக்கு இடம் கொடுத்திருந்தாள். காரியம் முடிந்து திரும்புகிற பயணம்தானே, மூன்று பேராகப் போனால் தோஷமில்லை என்று தாண்டவராயனும் சொன்னார். மூவரும் கையை நன்றாக வீசிக்கொண்டு மலை ஏறினார்கள். மூடுபனி இல்லை. இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது.

மலை வாய்க்குப் பக்கத்தில், ஆவி வரும் வெடிப்பின் ஓரத்தில், இடுப்பில் சிவப்புத் துண்டோடு பாறைமுத்து குளிர்காய்ந்துகொண்டிருந்தான்.

மூவரும் நின்றுவிட்டார்கள். மன்னாதன் தொட்டுப் பார்த்தான். கதகதப்பாக இருந்தான். சுண்ணாம்புப் பொட்டு, ஆட்டுக்கொட்டகையில் கிடந்தபோது விழுந்த மூளி, எல்லாம் இருந்தது.

"நேத்துப் பூராவும் இங்கேயா உட்கார்ந்திருந்தே?" என்று பாவாடை மெல்லக் கேட்டான். பதில் இல்லை. குற்றமுள்ளவன் பேச மாட்டான்.

தாண்டவராயன் தரையில் உட்கார்ந்து யோசித்தார். அவர் யோசித்த நேரத்தில் ஒரு மேகம் வந்து போனது.

"இவன் இங்கே இருந்தான்னா, நேத்து நாம போனது மூணு பேர். மூணு பேர் பண்ணின நிச்சயம் செல்லாது மாப்பிள்ளே."

"அப்போ நாலாவது இலையில உட்கார்ந்தது யார்?" என்றான் பாவாடை.

"யாரோ வழிப்போக்கன். விருந்துன்னு கேள்விப்பட்டு வந்திருக்கான்."

மன்னாதனுக்கு உலகம் இருண்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆலைக் குமாஸ்தா தலைவாரிக்கொண்டிருப்பான். விளக்கு வைப்பதற்குள் போய் எல்லாவற்றையும் மறுபடி செய்தாக வேண்டும். பாறைமுத்துவைத் தூக்கினான். அப்போது இன்னொரு சந்தேகம் வந்தது. ஒரு ராத்திரி மலையில் தங்கியவன் மலைக் கல் ஆகிவிட்டானா, எடுத்துப் போனால் மலைக்குக் கோபம் வருமா? தாண்டவராயன் சுருக்கமாகத் தீர்ப்புச் சொன்னார். ஒரு ராத்திரி தங்கினவனெல்லாம் ஊர்க்காரன் ஆகிவிட்டால், சத்திரத்தில் யாரும் படுக்க முடியாது. தூக்கினார்கள். மலை ஒரு தரம் லேசாகப் புகைந்தது. அவர்கள் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

தைலம்மை வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். காலையில் போன மாப்பிள்ளை வயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க எதிரே வந்து நின்றான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். இவர்தான் எங்கள் நாலாவது ஆள், நேற்று வந்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, தயவுசெய்து இன்றைக்கு மறுபடி நிச்சயம் செய்துகொள்ளுங்கள் என்றான். செங்கமலம் வாசற்படிக்கே வந்து நின்றாள்.

நிச்சயம் தைலம்மை காதில் விழவே இல்லை. கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது.

"பேர் ஊர் தெரியாத ஆம்பிளையையா அடுப்படியில படுக்க வச்சேன்? வயசுப்பொண்ணு இருக்கிற வீட்டுல?"

உள்ளே போனாள். தாண்டவராயனும் பாவாடையும் ஒரு கை பிடித்தார்கள். அம்மியைத் தூக்கி வேலிக்கு வெளியே புன்னை மரத்தடியில் வைத்தார்கள். குழவியையும் பக்கத்தில் வைத்து, உங்கள் தலையணை என்றாள் தைலம்மை, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அம்மா, இட்டிலிக்குச் சட்னி?" என்று செங்கமலம் கேட்டாள்.

"யார் பெத்த பிள்ளையோ, அவர் மேல அரைக்கச் சொல்றியா?"

அன்று சட்னி இல்லாமலே நிச்சயம் நடந்தது. பாறைமுத்து பாயில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். எல்லாரும் எண்ணினார்கள், சரியாக நாலு. ஆனாலும் பசித்த வயிறு என்று ஒன்று இருக்கிறதே என்று, மரத்தடிக்கும் ஒரு இலை போனது. திரும்பி வரும்போது இலை காலியாக இருந்தது. பாவாடை வாயைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

தை மாதம் கல்யாணம். பெண் மிதிக்க ஒரு அம்மி வேண்டியிருந்தது. தைலம்மை பக்கத்து வீட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். ஆனால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன சம்பாத்தியம் என்று மூன்று பேரிடம் தீர விசாரித்த பிறகுதான், அதை வாசற்படி ஏறவிட்டாள்.